வண்டி காய்த்த வருசம்

வண்டி காய்த்த வருசம் என்றுதான் எங்கள் தெருவில் இன்றும் பேச்சு. பாவாயி மகளுக்குக் கல்யாணமானது வண்டி காய்ப்பதற்கு முந்தின தையில், தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது வண்டி காய்த்ததற்கு அடுத்த சித்திரையில் என்று நல்லது கெட்டது எல்லாவற்றையும் அதை நடுவில் வைத்துத்தான் முன்னும் பின்னும் அளந்துகொள்வோம். புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது வண்டி எப்படிக் காய்க்கும் என்று வாயைப் பிளந்தால், எலுமிச்சைதான் காய்த்தது, பின்னே மாங்காயா காய்க்கும் என்று சொல்லிவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

சங்ககிரியில் எங்களுடையது லாரிக்காரர்களின் தெரு. ஒரு வீட்டில் டிரைவர் என்றால் அடுத்த வீட்டில் மெக்கானிக், அதற்கடுத்த வீட்டில் பாடி கட்டுகிறவர், அவருக்கு எதிரே தார்ப்பாய் தைக்கிறவர் என்று வரிசையாக இருப்போம். ஆண்கள் வடக்கே லைனுக்கு லாரி எடுத்துப் போனால் மாசம் திரும்பித்தான் வருவார்கள், வரும்போது நாக்பூர் ஆரஞ்சும் ஆக்ராவின் பூசணி மிட்டாயும் காஷ்மீர் ஆப்பிளும் கொண்டுவந்து போட்டுவிட்டு, அந்த ஊரில் அப்படி, இந்த ஊரில் இப்படி என்று அளந்துவிட்டுத் தூங்கிப்போவார்கள். பெண்கள் அந்த ஊர்களையெல்லாம் தின்று பார்த்ததோடு சரி. அவர்களுக்கு இந்தியா வடக்கே மேட்டூர் அணையோடும் தெற்கே பழனி மலையோடும் முடிந்துவிடும்.

வையாபுரியண்ணன் முப்பது வருசம் லைன் ஓட்டியவர். ஒரு லாரி தெருமுனையில் திரும்பும்போதே ஸ்பிரிங் பட்டை எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்து உள்ளே இருக்கிற லோடு இன்ன எடை என்று சொல்லிவிடுவார், சொன்னால் தப்பாது. கல்யாணமான புதிதில் காஷ்மீருக்கு ஆப்பிள் ஏற்றப் போனவர், பெண்டாட்டி சம்பூரணக்காவுக்குக் காட்ட வேண்டுமென்று பிளாஸ்க் நிறையப் பனியை அள்ளி அடைத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் வெயில், மூடியைத் திறந்தபோது உள்ளே அரை பிளாஸ்க் தண்ணீர் இருந்தது. சம்பூரணக்கா அதை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "தண்ணி நல்லாத்தானுங்க மாமா இருக்குது, பனி எப்படி இருக்கும்?" என்று கேட்டார். "ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன் புள்ள" என்றார் அண்ணன். லோடு லாரியில் எந்த முதலாளி பொம்பளையை ஏற்ற விடுவார்? அந்த ஒரு நாள் வருவதற்குள் சர்க்கரை வந்து அண்ணனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிரேக் மிதிக்கிற கால். வண்டி ஓட்டாதவனுக்கு ரோட்டில் என்ன சோலி என்று சொல்லி முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர அதற்குப் பிறகு வாசற்படியைத் தாண்டவில்லை.

அப்படி ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாளில்தான், சர்க்கரை கண்ணுக்குள்ளும் போய்விட்டது, இந்த வருசம் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துக்கொள்ளட்டும், அடுத்த வருசத்துக்கு உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்பூரணக்கா வீட்டுக்கு வந்து கட்டுத்தரையில் எருமைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், அழுதாரா என்பது எருமைகளுக்குத்தான் தெரியும். மறுநாள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். லைசென்ஸ் கைக்கு வந்ததும் எருமைகளையெல்லாம் விற்றுவிட்டு, ஒரு காலத்தில் சினிமா ஷூட்டிங்குக்கு ஓடி, ஓய்ந்து, ஈரோட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய கேரவன் ஒன்றை வாங்கி, லாரியில் கட்டி இழுத்துவந்து வீட்டு முன்னால் நிறுத்தினார். உள்ளே ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு மேடை, யார் யாரோ நடிகைகள் முகம் பார்த்த ஒரு பெரிய கண்ணாடி, அதைச் சுற்றிப் பல்புகள். இஞ்சின் மட்டும் உயிரில்லாமல் கிடந்தது.

"காஷ்மீர் போறமுங்க மாமா. கார்த்திகை பொறந்தா மேல மலைப்பாதைய அடைச்சிருவாங்களாமா. அதுக்குள்ள போயிரோணும்" என்றார் ஜன்னலுக்கு வெளியே நின்று.

"நீ போயிட்டு வா புள்ள. நான் எதுக்கு?"

"ரெண்டு சீட்டு இருக்குதுங்க."

"ஒண்ணு டிரைவர் சீட்டு. இன்னொண்ணு கிளீனர் சீட்டு. நான் கிளீனரா ஏறுன வண்டியெல்லாம் எப்பவோ பழைய இரும்புக்குப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழைய வண்டியில் நெடுந்தூரம் போகிற ஒருவருக்குப் புத்தி சொல்ல ஆளில்லாத தெருவா எங்கள் தெரு? ஆளுக்கொன்று சொன்னோம், ஆளுக்கொன்று கொண்டுவந்தோம். தார்ப்பாய்க்காரர் பச்சைத் தார்ப்பாயில் ஜன்னல் திரை தைத்துக் கொடுத்தார், வெல்டிங்காரர், வண்டி மேட்டில் ஏறும்போது குழம்புச் சட்டி கவிழாமலிருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பி வளையம் வைத்தார், ஒருவர் ஜாக்கி, ஒருவர் கயிறு, ஒருவர் டயருக்கு முட்டுக்கொடுக்கிற கட்டை, பெண்கள் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எள்ளுருண்டை. குளிரென்றால் என்னவென்றே தெரியாத எங்கள் தெருவில் எங்கே தேடிப் பிடித்தாளோ, எதிர்வீட்டுப் பாவாயி இரண்டு மங்கிக்குல்லா வாங்கிவந்தாள், கூடவே ஒரு புதுப் பிளாஸ்க்கும். அக்கா குல்லாவை எடுத்துக்கொண்டு பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தார். "இது வேண்டாம் பாவாயி. நான் கொண்டாந்து காட்டறதுக்குப் போகலை, பாக்கறதுக்குப் போறேன்."

இதிலெல்லாம் ஒரு குறையுமில்லை, பூஜை போட்ட விதத்தில்தான் எல்லாம் மாறிப்போனது. மாரியம்மன் கோயில் பூசாரி ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்றார். அதை விட்டால் ஆடி, ஆடியில் யார் வண்டி எடுப்பார்கள்? இஞ்சினோ மெக்கானிக் காளியப்பன் பட்டறையில் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. இஞ்சின் வரும்போது வரட்டும், நாளைத் தவறவிடக்கூடாது என்று தெருவே முடிவு செய்து, மாலை போட்டு, சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, வழக்கம்போல் நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டோம். அடுத்தது வண்டியை நகர்த்திப் பழத்தை நசுக்க வேண்டும். நாலைந்து ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவதற்குக் கை வைத்தார்கள்.

"கைய எடுங்க எல்லாரும்" என்றார் சம்பூரணக்கா. "இத்தன நாளும் யாராச்சும் கூட்டிட்டுப் போவாங்கன்னு இருந்ததெல்லாம் போதும். என்ற வண்டிய நாந்தான் பழத்து மேல ஏத்துவேன். இஞ்சினு வரட்டும்."

"அதுவரைக்கும் பழம்?" என்று பூசாரியைக் கேட்டோம். வைத்த பழத்தை எடுக்கக் கூடாது என்றார் பூசாரி. காய்ந்துபோனால்? காயவும் விடக்கூடாது என்றார். அதனால் நான்கு சக்கரத்தின் அடியிலும் ஈரச்சாக்கைச் சுற்றி, அந்த வழியாகப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, நாள் தவறாமல் அந்தப் பழங்களைக் காப்பாற்றினோம். எலுமிச்சம்பழத்தை மண்ணில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் கவனித்தது காளியப்பன்தான். வழக்கமாக வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து வேலை பார்க்கிறவன், ஒருநாள் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தான், இன்னொரு நாள் நின்றுகொண்டு பார்த்தான். "அக்கா, வண்டி ஒசந்திருக்குதுங்க" என்றான். "ஆமா காளியப்பா, எனக்கும் ஏறி எறங்க ஸ்டூல் வேண்டியிருக்குது" என்றார் அக்கா. சாக்கை விலக்கிப் பார்த்தால் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சங்கன்றுகள், ஆளுக்கொரு சக்கரத்தைக் கவட்டையில் தாங்கிக்கொண்டு, முள்ளும் இலையுமாகக் கிளம்பியிருந்தன. ஆடிப்பெருக்கன்று வண்டி ஜன்னல் உயரத்தில் நின்றது, ஆடி முடிவதற்குள் மொட்டைமாடி உயரத்துக்குப் போய்விட்டது, ஆவணி பிறந்ததும் நான்கு மரங்களும் ஒன்றாகப் பூத்துத் தெரு முழுக்க மணத்தது.

அதற்காக வேலை நிற்குமா? பெயின்டரிடம் சாரம் வாங்கிக் கட்டி, ஏணி வைத்து, செயின் கப்பியில் இஞ்சினை மேலே தூக்கி, காளியப்பன் மரத்தின் மேலேயே மாட்டினான்; நெட்டு கீழே விழுந்தால் ஏறி இறங்கி முட்டி வலிக்கிறது என்பது ஒன்றுதான் அவன் சொன்ன குறை. கட்டடம் கட்டினால் அனுமதி வாங்க வேண்டாமா என்று ஒருவர் டேப்போடு வந்தார், சக்கரம் இருக்கிறது பாருங்கள் என்று காட்டினோம்; வண்டிக்கு வரி கட்ட வேண்டாமா என்று இன்னொருவர் வந்தார், சக்கரம் ரோட்டில் படவில்லை பாருங்கள் என்று காட்டினோம்; இரண்டு பேரும் தலையைச் சொறிந்துவிட்டு ஆளுக்கொரு டம்ளர் மோர் குடித்துப் போய்ச்சேர்ந்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது, இரட்டைத் தலைக் கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில். அந்த இடம்தான் எங்களுக்குப் பிடிக்கவில்லை. பூசாரி மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினார். வையாபுரியண்ணன் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "லெவலா நிக்குதாப்பா?"

பிறகு காய்த்தது. அப்படியொரு காய்ப்பை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தொரட்டியை நீட்டினால் கூடை, உலுக்கினால் மூட்டை. எல்லா வீட்டிலும் எலுமிச்சம்பழச் சோறு, எலுமிச்சை ரசம், ஜாடி ஜாடியாக ஊறுகாய், குழந்தைகளின் தலைக்கும் அதுதான், பித்தளைப் பாத்திரத்துக்கும் அதுதான். முனையில் சோடாக்கடை வைத்திருக்கிற சென்னியப்பன், அதாவது பாவாயியின் வீட்டுக்காரன், ஒரு பழத்தைத் தன் மச்சான் லாரியின் முன்னால் மிளகாயோடு கோத்துக் கட்டிவிட, அந்த லாரி குஜராத் வரைக்கும் பஞ்சரே ஆகாமல் போய்வந்தது. அவ்வளவுதான், நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் என்று எல்லா ஊர் லாரியும் ஒரு பழத்துக்காக எங்கள் தெருவில் வரிசை கட்டியது. சென்னியப்பன் கடைக்கு டைல்ஸ் ஒட்டினான். கோயிலுக்கு வெள்ளையடித்தோம். எல்லோர் வீட்டிலும் கொஞ்சம் செழிப்பு வந்தது, செழிப்பு வந்தால் நல்ல புத்தியும் வருமென்று யார் சொன்னார்கள்?

வண்டியோ நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போனது. ஏணிக்கு மேல் ஏணி கட்டினோம். மேலே நின்றால் ஒரு பக்கம் மலைக்கோட்டை தெரிந்தது, மறுபக்கம் சேலம் போகிற நாற்கர ரோடும் அதில் வடக்கே போகிற லாரிகளும் தெரிந்தன. புரட்டாசி பிறந்துவிட்டது. இஞ்சின் தயார், தண்ணீர் டிரம் தயார், அரிசி பருப்பு தயார், கீழே இறங்க வழியில்லை. மரத்தை வெட்டலாமா என்றால், காய்க்கிற மரத்தில் கோடாலி வைக்கக் கூடாது என்றார் பூசாரி. வைத்தாலும் நாலும் ஒரே நேரத்தில் சாயாதே, வண்டி அப்பளமாகிவிடும் என்றான் காளியப்பன். சரி, அடுத்த வருசம் போகலாமே, பனி எங்கே ஓடிப்போகிறது என்று நாங்கள் ஆறுதல் சொன்னோம். பனி ஓடாது, அண்ணனின் கண் ஓடிவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் சொன்னோம்.

சம்பூரணக்கா யாரிடமும் சண்டைக்கு வரவில்லை. ஒரு சாயங்காலம் ஏணியில் ஏறிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகளையெல்லாம் போட்டுவிட்டு, கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டு, ஆகாயத்தில் வண்டி ஓட்ட ஆரம்பித்தார். இலைகளுக்கு நடுவில் சக்கரங்கள் சுற்றின. "கிருஷ்ணகிரி தாண்டியாச்சு" என்று மேலேயிருந்து குரல் வந்தது. மறுநாள் சாயங்காலம் பெங்களூரு. அதற்கடுத்த நாள் பாவாயி அடுப்பை அணைத்துவிட்டு மேலே ஏறினாள், "எனக்கும் ஐதராபாத்தக் காட்டுங்கக்கா" என்றாள். அப்புறம் தார்ப்பாய்க்காரர் பெண்டாட்டி, வெல்டிங்காரரின் தங்கை என்று ஒவ்வொருவராக ஏறினார்கள். பொழுதுசாய்ந்தால் ஆண்கள் கீழே அண்ணாந்து நிற்க, மேலே வண்டி கொள்ளாமல் பெண்கள் உட்கார்ந்து, முறுக்குக் கடித்துக்கொண்டு, வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

"நாக்பூர் வந்தாச்சு" என்று ஒருநாள் அக்கா சத்தமாகச் சொன்னார். "நாளைக்கு ஆக்ரா."

கீழே ஜன்னலில் ஒரு இருமல் கேட்டது. "நாக்பூருக்கு அடுத்தாப்புல ஆக்ரா எப்படிப் புள்ள வரும்? நடுவுல சிவனிக் காடு வேண்டாமா? ரோட்டு மேலயே கொரங்கு உக்காந்திருக்கும், ஹாரன் அடிச்சுக்கிட்டே போவோணும்."

அக்கா ஹாரன் அடித்தார். மறுநாள் ஜான்சியை விட்டுவிட்டுக் குவாலியருக்குப் போனார், ஜன்னல் மறுபடி கத்தியது. அதற்கு மறுநாள் டெல்லிக்குள் ராத்திரியில் மட்டும் லாரியை விடுகிற வழியில் பொழுதோடே நுழைந்தார், "ஐயோ, போலீஸ்காரன் மறிச்சுப்போடுவான், வெளிச்சுத்துல போ" என்று அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் எழுந்தே விட்டார். அக்கா தெரிந்துதான் வழி தப்பினாரா, தெரியாமல்தான் தப்பினாரா என்று பாவாயியைக் கேட்டால் இன்றைக்கும் சிரிப்பாளே தவிரச் சொல்ல மாட்டாள்.

வழி சொல்வதற்காகத் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்த அண்ணன், அப்படிப் பார்த்ததில் இன்னொன்றையும் பார்த்துவிட்டார். ஒரு நாள் காலையில், லாரிகள் வரிசையில் நிற்க, சென்னியப்பன் தொரட்டியோடு மரத்தடிக்கு வந்தபோது, ஊன்றுகோலைக் கக்கத்தில் கொடுத்துக்கொண்டு வையாபுரியண்ணன் வாசற்படியைத் தாண்டித் தெருவுக்கு வந்தார். தெருவே வேலையைப் போட்டுவிட்டு நின்றது. வண்டி மரத்தில் ஏறியபோது எங்களுக்கு வராத ஆச்சரியம் அப்போதுதான் வந்தது.

"பறிக்காதீங்கடா!" என்று கத்தினார். "முப்பது வருசம் லோடு பாத்த கண்ணு இது. லோடு ஏறுனா வண்டி அமுங்கும், லோடு எறங்குனா வண்டி ஒசரும். அமாவாசைக்கு யாரும் பறிக்கலை, ஒரு சாண் எறங்குச்சு. நேத்து மூட்டை மூட்டையா எறக்குனீங்க, மறுக்கா ஏறிக்கிச்சு. அவள மேல மேல ஏத்திக்கிட்டு இருக்கறது மரமில்லீடா, நீங்க!"

மரத்தடியில் கூட்டம் கூடியது. வையாபுரியண்ணன் சொல்வது சரிதான், ஆனால், என்று எல்லோரும் ஆரம்பித்தார்கள். ஆனாலுக்குப் பிறகு ஊறுகாய் வந்தது, கோயில் கும்பாபிஷேகம் வந்தது, பஞ்சராகாத டயர் வந்தது. சென்னியப்பன்தான் வெளிப்படையாகச் சொன்னான்: "ஏனுங்ணா, வண்டி எறங்குனா அக்கா போயிருவாங்க, மரமும் அதோட போயிருச்சுன்னா? இப்பத்தான் நாலு பேரு நம்ம தெருவத் தேடி வர்றாங்க. சீசன் முடியட்டுமுங்க."

"சீசனு உனக்கு முடியும் சென்னியப்பா. எனக்கு முடிஞ்சுபோனா?" என்று அண்ணன் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான், ஆனாலும் தொரட்டியை விடவில்லை. அப்போது பாவாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, புருசன் கையிலிருந்த தொரட்டியைப் பிடுங்கி, ஏணியில் ஏறி, வண்டிக்குள்ளே அக்காவின் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டு இறங்கினாள். "எங்கூட்ல இனி ஒரு பழம் தொடமாட்டோம். ரசம் வேணுமின்னா புளியக் கரைச்சுக் குடிங்க. அந்தக்கா பனியப் பாக்காம எனக்கு ஊறுகா எறங்காது" என்றாள். அதற்குப் பிறகு தெருவில் இருந்த தொரட்டியெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல்போய் அக்காவின் கட்டிலுக்கடியில் சேர்ந்தன. பெண்கள் முறைவைத்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். வெளியூர் லாரிக்காரர்கள் வந்தால், பழம் இல்லை, லோடு ஏறிக்கொண்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள்.

பறிக்காமல் விட்டதும் அந்த மரங்கள் காய்த்தன பாருங்கள், இலை தெரியவில்லை, முள் தெரியவில்லை, பழத்தின் மேல் பழமாக, மஞ்சளாகத் தொங்க, பாரம் தாங்காமல் நான்கு மரங்களும் நாலு திசையில் வளைந்து வளைந்து குனிய, வண்டி மொட்டைமாடியை விட்டு இறங்கி, ஜன்னலுக்கு இறங்கி, ஏணி ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்டு, ஸ்டூல் போதும் என்று ஆகி, புரட்டாசிக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் முழங்கால் உயரத்தில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். அன்றைக்கு முழுவதும் காத்திருந்தோம், சனிக்கிழமையும் காத்திருந்தோம், ஒரு விரற்கடை இறங்கவில்லை. அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்தோம், தண்ணீர் டிரம்மை நிரப்பினோம், இரண்டாவது ஸ்டெப்னியைப் போட்டோம். காளியப்பன் ஏறிக் குதித்தும் பார்த்தான். வண்டி அசையவில்லை.

வையாபுரியண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவுங்ணா கொறையுது?" என்று சென்னியப்பனே கேட்டான், குடும்பத்தில் தொரட்டி போன பிறகு அவனும் எங்கள் பக்கம் வந்துவிட்டான்.

அண்ணன் மரத்தைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தார். பிறகு, "ஒரு ஆளு லோடு கொறையுது" என்றார்.

யாரும் நான் ஏறுகிறேன் என்று முன்வரவில்லை. சம்பூரணக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. இந்த ஒன்றை மட்டும் அவராக ஏறட்டும் என்று விட்டுவிட்டார்.

அண்ணன் எழுந்தார். ஊன்றுகோல் தரையில் டக் டக்கென்று பட, வண்டியின் இடதுபக்கம் சுற்றிவந்து, கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்து, இருந்த ஒற்றைக் காலால் உந்தி, கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"என்ன புள்ள, கண்ணாடியக்கூடச் சரியா வெக்கலை?" என்றார். கையை வெளியே நீட்டி இடதுபக்கக் கண்ணாடியைத் திருப்பினார். "பின்னாடி என்ன வருதுன்னு நாஞ் சொல்றேன். முன்னாடி நீ பாத்துக்கோ."

"சரிங்க மாமா" என்றார் சம்பூரணக்கா.

வண்டி இறங்க ஆரம்பித்தது. கிளைகள் முறுகுகிற சத்தம் கேட்டது, பழங்கள் தரையைத் தொட்டன. பாவாயி ஓடிவந்து, உதிர்ந்து கிடந்ததில் நல்ல பழங்களாக நான்கைப் பொறுக்கி நான்கு சக்கரத்தின் கீழும் வைத்தாள், பூசாரி கற்பூரத்தைக் கொளுத்தினார், சக்கரங்கள் பழத்தின் மேல் வந்து உட்கார்ந்தன. ஆனியில் தொடங்கிய பூஜை அங்கேதான் நின்றிருந்தது, அங்கிருந்தே தொடர்ந்தோம். அக்கா சாவியைத் திருப்பினார். கியர் விழுந்தது. வண்டி ஒருமுறை குலுங்கி முன்னால் நகர, நான்கு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கிச் சாறு தெறித்தது.

பாரம் விட்டதும் நான்கு மரங்களும் படாரென்று நிமிர்ந்தன. நிமிர்ந்த வேகத்தில், இத்தனை நாள் நாங்கள் தொடாமல் வைத்திருந்த அத்தனை பழங்களும் ஒன்றாகப் பறந்து, வீடுகளுக்கு மேலே, ஒயர்களுக்கு மேலே, வண்டிக்கு முன்னே போய், தெரு முழுக்க, முனை வரைக்கும், முனை தாண்டி மெயின்ரோடு வரைக்கும் மஞ்சள் மழையாகக் கொட்டின. சம்பூரணக்கா ஒன்றையும் விடாமல் நசுக்கிக்கொண்டு, ஹாரனை அமுக்கிக்கொண்டு போனார், நாங்கள் பின்னாலேயே ஓடினோம், தலையில் பழம் விழ விழ ஓடினோம், சென்னியப்பன் கடை டைல்ஸில் சறுக்கி விழுந்து எழுந்து அவனும் ஓடினான். மெயின்ரோட்டில் வந்த லாரிகளெல்லாம் ஓரம் ஒதுங்கி ஹாரன் அடித்தன. நாற்கர ரோட்டில் ஏறுகிற இடத்தில் வண்டி கொஞ்சம் தயங்கியது. இடதுபக்க ஜன்னலில் ஒரு தலை வெளியே வந்து பின்னால் பார்த்தது, ஒரு கை நீண்டு கதவில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டியது.

"போலாம்... ரைட்!"

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருசமாகிவிட்டது! எங்களில் பாதிப்பேர் அழுதோம், மீதிப்பேர் விசில் அடித்தோம்.

மரங்கள் போய்விடவில்லை, இப்போதும் இருக்கின்றன. காய்ப்பு மட்டும் சாதாரணக் காய்ப்பு, அதில் கோத்துக் கட்டினால் பஞ்சராகத்தான் செய்கிறது. சென்னியப்பன் அதைப்பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள நேரமில்லாமல் இருக்கிறான், பாவாயிக்கு லைசென்ஸுக்கு எட்டுப்போடக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தெருவில் எந்த வண்டியைப் பார்த்தாலும் முன்னால் எல் போர்டும் உள்ளே ஒரு சேலையும் தெரிகிறது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பாவாயியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள், மரத்தடியில் எல்லோரும் கூடினோம். முதலில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு சம்பூரணக்காவின் சிரிப்பு.

"அக்கா, பனி எப்படீங்க இருக்குது?"

"தண்ணி மாதிரி இல்லவே இல்ல பாவாயி" என்றார் அக்கா. "நம்ம மரத்துப் பழம் ஒண்ணப் பனி மேல வெச்சு வண்டிய ஏத்துனேன். வெள்ளை மேல மஞ்சளா, அப்படி இருந்துச்சு."

"அண்ணன் பாத்தாருங்களா?"

"பாத்துட்டே இருக்கறாரு. எறங்குன நேரத்துலிருந்து பாத்துட்டே இருக்கறாரு. சோத்துக்குக் கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டேங்கறாரு. சரி, வெக்கட்டா? மேல இன்னும் ரோடு இருக்குதாமா, அடைக்கறதுக்குள்ள அதையும் பாத்துரலாம்னு உங்கண்ணன்தான் சொல்றாரு."

போனை வைப்பதற்கு முன்னால் கதவில் இரண்டு தட்டு விழுந்த சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.